முதல் ஸ்கூபா சான்றிதழ்: பழைய பயிற்சியிலிருந்து எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது

ஹேவ்லாக் என்று இன்றும் பலர் அழைக்கும் அந்தமானின் சுவராஜ் தீவிலோ, புதுச்சேரியிலோ, திரிகோணமலையிலோ மூன்று நான்கு நாள்கள் தங்கினால் ‘ஓப்பன் வாட்டர் டைவர்’ சான்றிதழைப் பெற்றுவிடலாம். பயிற்றுநர் உடன் வராமல், துணை ஒருவருடன் 18 மீட்டர் ஆழம் வரை இறங்கும் தகுதி உங்களுக்கு உண்டு என்று அந்த அட்டை சொல்கிறது. இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு பெரிய தகுதி கிடைப்பதால், அந்தச் சில நாள்களுக்கு முன்னும் பின்னும் என்ன செய்கிறோம் என்பதே நாம் எப்படிப்பட்ட டைவர் ஆகிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது. பாடத்திட்டத்தில் உள்ள ஒவ்வொரு பயிற்சியும் எந்த ஆபத்தை முன்னிட்டுச் சேர்க்கப்பட்டது என்பதை அறிந்துகொண்டு நீரில் இறங்குபவர், வெறுமனே பயிற்றுநரைப் பார்த்துச் செய்பவரைவிட நன்றாகக் கற்கிறார் என்பது என் எண்ணம். எனவே இவ்வழிகாட்டி முதலில் சற்றுப் பின்னோக்கிப் பார்த்துவிட்டுப் பிறகு செய்முறைக்கு வருகிறது.

1943-இல் பிரான்சில் கடற்படை அதிகாரி ழாக் குஸ்தோவும் பொறியாளர் எமில் காஞ்ஞானும் உருவாக்கிய ‘அக்வாலங்’ என்னும் கருவி, மூச்சை இழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்கு ஈடான அழுத்தத்தில் காற்றைத் தந்தது. போர் முடிந்து அது கடைகளுக்கு வந்தபோது, வாங்குவோர் இருந்தார்களே தவிரக் கற்றுக்கொடுப்போர் இல்லை. அமெரிக்காவில் இந்தக் குறையை முதலில் ஒழுங்காக எதிர்கொண்டது கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனம்; அங்கே கான்ராட் லிம்பா ஆய்வாளர்களுக்காகப் பயிற்சித் திட்டம் ஒன்றை வகுத்தார். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டப் பூங்கா மற்றும் பொழுதுபோக்குத் துறையைச் சேர்ந்த ஆல் டில்மன், பெவ் மார்கன் போன்றோர் 1954-இல் அவரிடம் கற்றுவந்து, பொதுமக்களுக்கான பயிற்சியைத் தொடங்கினர். பிரிட்டனில் 1953-இல் ‘பிரிட்டிஷ் சப் அக்வா கிளப்’ தோன்றியது. 1959-இல் ஒய்.எம்.சி.ஏ., 1960-இல் ‘நவுயி’, 1966-இல் ‘பாடி’ என்று பயிற்சி அமைப்புகள் தொடர்ந்து வந்தன. டேங்கில் காற்று நிரப்பும் கடைக்காரர்கள் அட்டையைக் கேட்கத் தொடங்கிய பிறகே சான்றிதழ் என்பது நடைமுறையில் கட்டாயமாயிற்று. இன்றும் உலகின் பல இடங்களில் அதைக் கட்டாயமாக்குவது சட்டமன்று, தொழிலுக்குள் நிலவும் கட்டுப்பாடுதான்.

அந்த முதல் இருபது ஆண்டுகளின் பயிற்சி கடுமையானது. நீச்சல் குளத்தின் ஆழமான பகுதியில் டேங்க், அதன் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டர், மாஸ்க், கால்துடுப்பு எல்லாவற்றையும் நீருக்குள் போட்டுவிட்டு, மூச்சடக்கி இறங்கி, அடியிலேயே அவற்றை ஒவ்வொன்றாக அணிந்துகொண்டு மேலே வர வேண்டும். இருவர் ஒரே ரெகுலேட்டரை மாற்றி மாற்றி வாயில் வைத்து, ஆளுக்கு இரண்டு மூச்சாகப் பகிர்ந்துகொண்டு நீந்த வேண்டும். எச்சரிக்கை இல்லாமல் பயிற்றுநர் பின்னால் வந்து மாஸ்க்கைப் பிடுங்குவார், காற்றை அடைப்பார். இதில் சற்று இராணுவ வாடை அடித்தது என்பது உண்மை. ஆனால் அதற்குக் காரணமும் இருந்தது. அன்றைய டைவரிடம் மிதப்பைச் சரிசெய்யும் ‘பி.சி.டி.’ ஜாக்கெட் இல்லை. டேங்கில் எவ்வளவு காற்று மீதமுள்ளது என்று காட்டும் அளவுமானியும் பலரிடம் இல்லை. மூச்சிழுப்பது கடினமானதும் முதுகுப்பக்கக் கம்பியை இழுத்துச் சேமக் காற்றைத் திறக்க வேண்டும். அந்தக் கம்பி எங்காவது உரசி முன்பே இறங்கியிருந்தால் சேமமும் தீர்ந்திருக்கும். காற்றில்லாமல் போவது ஒரு வாரயிறுதியில் யாருக்கும் நேரக்கூடிய ஒன்றாக இருந்த காலத்தில், அதற்கேற்ற பயிற்சியே இருந்தது.

பிறகு கருவிகள் வந்தன. 1961-இல் பிரான்சின் மோரிஸ் ஃபென்சி காற்றடைத்த மிதவையைக் கொண்டுவந்தார். 1970-களில் ஜாக்கெட் வடிவ பி.சி.டி., அழுத்தமானி, ‘ஆக்டோபஸ்’ என்னும் இரண்டாவது ரெகுலேட்டர் ஆகியவை பரவின. 1983-இல், இருக்கும் ஆழத்தில் இன்னும் எவ்வளவு நேரம் தங்கலாம் என்று கணித்துக் காட்டும் ‘எட்ஜ்’ என்னும் டைவ் கம்ப்யூட்டர் விற்பனைக்கு வந்தது. கருவி ஒவ்வொன்றும் வந்தபோது பழைய பயிற்சி ஒன்றுக்குக் காரணம் இல்லாமல் போனது. ஒரே ரெகுலேட்டரைப் பகிரும் முறை கைவிடப்பட்டதில் எனக்குக் குறையில்லை. பதற்றத்தில் இருக்கும் ஒருவர் தம் வாயிலிருக்கும் காற்றை எடுத்து இன்னொருவரிடம் நீட்டுவார் என்று நம்புவதைவிட, தனி ரெகுலேட்டர் ஒன்று தொங்குவது எவ்வளவோ மேல். மாஸ்க்கைப் பிடுங்கும் விளையாட்டும் போனதே நல்லது. ஆனால் இவற்றோடு சேர்ந்து வேறொன்றும் போய்விட்டது: நீரில் செலவழித்த நேரம். அந்த நேரத்தைப் பயிலுபவர் தாமாகவே மீட்டுக்கொள்ள முடியும். அதற்குப் பெரிய செலவும் இல்லை.

புறப்படுவதற்கு முன்

முதல் வேலை மருத்துவப் படிவம். ஆஸ்துமா, வலிப்பு, இதயநோய், நுரையீரல் அல்லது காது அறுவை சிகிச்சை, கர்ப்பம் போன்றவற்றைப் பற்றிய கேள்விகள் அதில் இருக்கும். குறிப்பிட்ட கேள்விகளில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்று எழுதினாலும், மருத்துவரின் ஒப்புதல் கையெழுத்து இல்லாமல் பயிற்சி தொடங்க முடியாது. தீவில் போய் இறங்கிய பிறகு இது தெரியவந்தால், ஒன்று பயணம் வீணாகும், அல்லது எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதும் ஆசை வரும். இரண்டாவது மிக ஆபத்தானது. படிவத்தை இணையத்தில் முன்பே பெற்று, ஊரிலேயே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது நீச்சல். ‘நீச்சல் தெரியாதவர்களும் ஸ்கூபா செய்யலாம்’ என்று நம் கடற்கரைகளில் காணப்படும் விளம்பரம் பொய்யன்று; ஆனால் அது, பயிற்றுநர் டேங்கைப் பிடித்துக்கொண்டே உடன் வரும் ஒருமுறை அனுபவத்துக்கு மட்டுமே பொருந்தும். சான்றிதழுக்கு, பாடி அமைப்பின் விதிப்படி, நேரவரம்பு இல்லாமல் 200 மீட்டர் நீந்தவும், எதையும் பிடிக்காமல் 10 நிமிடம் மிதக்கவும் வேண்டும். இதைக் குறைந்தபட்சமாகவே கொள்ளுங்கள். பழைய பாடத்திட்டங்கள் இதைவிட நீண்ட நீச்சலையும், ஒரே மூச்சில் நீருக்கடியில் குளத்தின் நீளத்தைக் கடப்பதையும் கேட்டன. மூச்சடக்கும் நீச்சலைத் தனியாகப் பழகுவது உயிருக்கே ஆபத்து; நீரிலேயே மயக்கம் வரலாம். அதனால் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நிதானமான நீச்சலில் 400 மீட்டரை அயர்ச்சியின்றிக் கடக்கும் அளவுக்கு இரண்டு மூன்று மாதங்கள் ஊர்க் குளத்தில் பழகினால், கடலில் கால்கள் பதறாது.

அதே குளத்தில் இன்னொரு பயிற்சியையும் செய்துவிடுங்கள். மாஸ்க் அணியாமல், ஸ்நார்கெல் குழாயை மட்டும் வாயில் வைத்து, இடுப்பளவு நீரில் முகத்தை அமிழ்த்தி, மூக்கு திறந்திருக்க வாயால் மட்டும் மூச்சு விடுங்கள். முதலில் மூக்கில் நீர் ஏறித் தும்மல் வரும். சில நாள்களில் அண்ணத்தின் பின்பகுதி தானாக மூக்குவழியை அடைக்கப் பழகிவிடும். புதியவர்கள் பெரும்பாலோர் தடுமாறுவது மாஸ்க்கைக் கழற்றும் பயிற்சியில்தான். இதைப் பழகிவந்தவருக்கு அங்கே பாதி வேலை முடிந்திருக்கும்.

எந்த அமைப்பின் சான்றிதழ் சிறந்தது என்ற கேள்விக்கு நீண்ட விவாதங்கள் நடப்பதுண்டு. பெரிய அமைப்புகளின் முதல்நிலைப் பாடங்கள் ஐ.எஸ்.ஓ. 24801 என்னும் சர்வதேசத் தரத்தின் இரண்டாம் நிலைக்கு ஏற்பவே அமைந்துள்ளன. ஒன்றின் அட்டையை மற்றொன்றின் மையம் ஏற்கும். ஆகவே அமைப்பைத் தேடுவதைவிடப் பயிற்றுநரைத் தேடுவது பயன்தரும். ஒரு குழுவில் எத்தனை பேர் இருப்பார்கள், ஒரு பயிற்சி வரவில்லையென்றால் கூடுதல் வகுப்பு உண்டா, ‘கட்டுப்படுத்தப்பட்ட நீர்’ என்று அவர்கள் சொல்வது குளமா அல்லது அமைதியான ஆழமற்ற கடலா, பக்கத்தில் மறுஅழுத்தச் சிகிச்சை அறை (ஏறும்போது உடலில் வாயுக் குமிழிகள் உண்டானவருக்குச் சிகிச்சை தரும் இடம்) எங்கே உள்ளது என்று தயங்காமல் கேளுங்கள். நாலு பேருக்கு மேல் இருந்தால், என்னைப் பொறுத்தவரை, கூட்டம். பருவத்தையும் பார்க்க வேண்டும். அந்தமானுக்கும் கர்நாடகத்தின் நேத்ராணி தீவுக்கும் மழை ஓய்ந்த பின் மே வரையிலான மாதங்கள் ஏற்றவை. திரிகோணமலைக்கு மே முதல் செப்டம்பர் வரை. புதுச்சேரியில் வடகிழக்குப் பருவமழையின் மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

மூச்சைப் பற்றிய ஒரே விதி

மன்னார் வளைகுடாவில் காலில் கல்லைக் கட்டி இறங்கிய முத்துக்குளிப்போர் மூச்சை அடக்கினார்கள். ஸ்கூபாவில் அதைச் செய்யவே கூடாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பாடத்தின் பாதி புரிந்துவிடும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஒரு வளிமண்டலம் கூடுகிறது. மேலே 6 லிட்டர் காற்றை இழுத்துக்கொண்டு இறங்கும் முத்துக்குளிப்பவரின் நுரையீரலில் 10 மீட்டரில் அது 3 லிட்டராகச் சுருங்கும். மேலே வரும்போது மீண்டும் 6 ஆகும். ஸ்கூபா டைவரோ அந்த 10 மீட்டரிலேயே டேங்கிலிருந்து 6 லிட்டர் இழுக்கிறார். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது 12 லிட்டராக விரியப் பார்க்கும், நுரையீரல் கிழியும். ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள குளத்திலும் இது நேரலாம் என்பதைப் பலர் அறிவதில்லை. அதனால்தான் ரெகுலேட்டர் வாயில் இல்லாத ஒவ்வொரு நொடியும் உதடுகளின் வழியே சிறு குமிழிகளை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று முதல் வகுப்பிலேயே வற்புறுத்துகிறார்கள்.

அந்தக் காலத்து ‘சுதந்திர ஏற்றம்’ என்னும் பயிற்சி இன்று கட்டுப்பாடான அவசர ஏற்றமாகப் பாடத்தில் மிஞ்சியிருக்கிறது. 9 மீட்டருக்கு மிகாத ஆழத்திலிருந்து, ரெகுலேட்டரை வாயிலேயே வைத்துக்கொண்டு, ‘ஆ’ என்று ஒலியெழுப்பியபடி ஒரே மூச்சில் மேலே நீந்த வேண்டும். காற்று போதாதோ என்ற அச்சம் வேண்டாம். ஏற ஏற நுரையீரலில் உள்ள காற்று விரிந்துகொண்டே போவதால், வெளியே விட்டுக்கொண்டே வந்தாலும் அது எளிதில் தீராது. பயிற்றுநர் பக்கத்தில் இல்லாமல் இதை ஒருபோதும் ஒத்திகை பார்க்கக் கூடாது.

எழுத்துப் பாடம்

இது பெரும்பாலும் இப்போது இணையவழியில் முடிந்துவிடுகிறது. பயணத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். தேர்வு கடினமன்று. ஆனால் இரண்டு கணக்குகளைக் கையால் போட்டுப் பார்க்கப் பரிந்துரைப்பேன், ஏனெனில் கம்ப்யூட்டரை மணிக்கட்டில் கட்டியவுடன் அவை மறந்துவிடுகின்றன.

முதலாவது காற்றுக் கணக்கு. வழக்கமான அலுமினிய டேங்கின் கொள்ளளவு ஏறத்தாழ 11 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் அதில் 2,200 லிட்டர் காற்று இருக்கும். 50 பார் மிச்சத்துடன் மேலே வர வேண்டும் என்பதால் பயன்படுத்தக்கூடியது 1,650 லிட்டர். நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் செலவழிப்பவருக்கு 10 மீட்டரில் 40 லிட்டரும், 18 மீட்டரில் 56 லிட்டரும் ஆகும். ஆக முதலாவதில் ஏறத்தாழ 41 நிமிடமும், இரண்டாவதில் 29 நிமிடமும் கிடைக்கும். பதற்றத்தில் செலவு இதைவிட மிகும்.

இரண்டாவது நேரக் கணக்கு. ஆழத்தில் மூச்சு விடும்போது நைட்ரஜன் உடலில் கரைகிறது; எவ்வளவு நேரத்துக்குள் கிளம்பினால், அது குமிழிகளாகாமல் இருக்க இடையில் கட்டாயமாக நிற்க வேண்டியிராமல் மேலே வரலாம் என்பதே இது. அமெரிக்கக் கடற்படையின் பழைய அட்டவணையில் 60 அடிக்கு 60 நிமிடம் என்பது எல்லாரும் மனப்பாடம் செய்த எண். பாடி அமைப்பு பொழுதுபோக்கு டைவர்களுக்காக 1988-இல் வெளியிட்ட அட்டவணையில் 18 மீட்டருக்கு 56 நிமிடம், 30 மீட்டருக்கு 20 நிமிடம். ஆழம் கூடும்போது நேரம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பது இந்த எண்களில் தெரிவதுபோல் கம்ப்யூட்டர் திரையில் தெரிவதில்லை. மேலே ஏறும் வேகத்திலும் மாற்றம் வந்துள்ளது. நெடுங்காலம் நிமிடத்துக்கு 18 மீட்டர் ஏறலாம் என்றிருந்தது. இன்று பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் அதில் பாதியான 9 மீட்டரைக் கேட்கின்றன. அத்துடன் 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்பதும் வழக்கமாகிவிட்டது.

நீருக்குள்

இறங்கும்போது காது வலித்த பிறகு சமன்செய்ய முயல்வது புதியவர்கள் எல்லாரும் செய்வது. வலிக்கும் முன்பே, நீர்மட்டத்திலேயே ஒருமுறையும், பிறகு ஒவ்வொரு அரை மீட்டருக்கும் ஒருமுறையும், மூக்கைப் பிடித்து மெல்ல ஊத வேண்டும். திறக்கவில்லையென்றால் ஒரு மீட்டர் மேலே வந்து மீண்டும் முயலுங்கள், வலுவாக ஊதாதீர்கள். கால்கள் கீழாக, கயிற்றைப் பிடித்து இறங்குவது எளிது. சளி பிடித்திருந்தால் அன்று இறங்க வேண்டாம். மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால், அதன் வேகம் பாதியில் குறைந்து, மேலே வரும்போது காது அடைத்துக்கொள்ளும்.

மிதப்புக் கட்டுப்பாட்டுக்குத்தான் மிகுதியான நேரத்தை ஒதுக்க வேண்டும், பழைய டைவர்களிடம் பொறாமைப்படத்தக்கதும் அதுதான். ஜாக்கெட் இல்லாத அவர்கள் ஈய எடையைச் சரியாகக் கட்டாவிட்டால் வேறு வழியில்லை. மிகுந்தால் மூழ்குவார்கள், குறைந்தால் இறங்க மாட்டார்கள். எனவே எடையைத் துல்லியமாகக் கணித்து, மீதியை மூச்சின் ஆழத்தால் சரிசெய்யக் கற்றார்கள். இன்று புதியவர் சட்டென்று இறங்கட்டும் என்று இடுப்பில் இரண்டு கிலோவைக் கூடுதலாகச் சேர்த்துவிடுவது பல இடங்களில் நடக்கிறது. அந்த எடையை ஈடுகட்ட ஜாக்கெட்டில் கூடுதல் காற்று அடைக்க வேண்டும். அந்தக் காற்றோ ஆழம் மாறும்போதெல்லாம் சுருங்கியும் விரிந்தும் ஆளை மேலும் கீழும் இழுக்கும். கைகால்களை ஓயாமல் அசைக்க வேண்டியிருக்கும், காற்றும் விரைவில் தீரும், துடுப்பு பவளத்திலும் படும். எடையைச் சோதிக்கும் முறை எளிது. ஜாக்கெட்டின் காற்றை முழுவதும் விட்டுவிட்டு, இயல்பான ஒரு மூச்சை நிறுத்தி, நீர்மட்டத்தில் அசையாமல் நில்லுங்கள். நீர் கண்மட்டத்தில் நிற்க வேண்டும், மூச்சை விட்டதும் மெல்ல அமிழ வேண்டும். டேங்க் நிறைந்திருக்கும்போது இதைச் செய்தால் இரண்டு கிலோ சேர்த்துக்கொள்ளலாம், ஏனெனில் டைவின் முடிவில் அந்த அளவு காற்றின் எடை குறைந்திருக்கும். குளத்தில் பயன்படுத்திய எடை கடலுக்குப் போதாது. உப்புநீரில் கூடுதலாக மிதப்போம். வெட்சூட் என்னும் உடல்சூடு காக்கும் உடை மாறினாலும் மறுபடி சோதிக்க வேண்டும்.

மாஸ்க்கைக் கழற்றி மாட்டுவதில் அவசரம் கூடாது. கழற்றியதும் உடனே மாட்ட முயலாமல், ஒரு நிமிடம் அப்படியே ரெகுலேட்டரில் மூச்சு விடுங்கள். அவசரம் தணிந்தபின் மாட்டி, மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, முகத்தைச் சற்று உயர்த்தி, மூக்கால் நீண்ட மூச்சாக விட்டால் நீர் கீழ்வழியே வெளியேறும். ஒருமுறை சரியாக வந்துவிட்டது என்று அடுத்ததற்குப் போய்விடாமல், அலுப்புத் தட்டும் வரை திரும்பச் செய்ய அனுமதி கேளுங்கள். பழைய கிளப்புகளில் வாரந்தோறும் குளத்தில் இதைத்தான் செய்தார்கள்.

பிறகு கடலில் நான்கு டைவ்கள், குறைந்தது இரண்டு நாள்களில். ஒவ்வொன்றுக்கும் முன் துணையுடன் ஒருவரையொருவர் சோதித்துக்கொள்ளும் வழக்கத்தைச் சடங்காக்கிவிடாதீர்கள்: ஜாக்கெட் நிரம்பிக் காலியாகிறதா, எடை கழன்று விழக்கூடியதா, கொக்கிகள் பூட்டியுள்ளனவா, டேங்க் வால்வு திறந்திருக்கிறதா, துணையின் மாற்று ரெகுலேட்டர் எங்கே தொங்குகிறது என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ரெகுலேட்டரில் நான்கு மூச்சு இழுக்கும்போதே அழுத்தமானியைப் பாருங்கள். முள் துள்ளினால் வால்வு சரியாகத் திறக்கவில்லை என்று பொருள். கட்டைவிரலை உயர்த்துவது நீருக்கடியில் ‘மேலே போவோம்’ என்பதைக் குறிக்கும். மகிழ்ச்சியில் அதைக் காட்டிவிட்டு, துணை ஏறத் தொடங்கியதைப் பார்த்துத் திகைக்கும் புதியவர்கள் உண்டு.

அட்டை வந்த பிறகு

பல டைவ்கள் செய்திருந்தால் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும்; ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம். ஆகவே அந்தமான் பயணத்தின் கடைசி நாளில் கடலில் இறங்கும் திட்டம் வைக்காதீர்கள். அட்டைக்குக் காலாவதி கிடையாது, ஆனால் ஓராண்டு இறங்காமல் இருந்தால் புத்தாக்க வகுப்பு ஒன்றை எடுத்துவிட்டே இறங்க வேண்டும். ஒவ்வொரு டைவுக்கும் ஆழம், நேரம், மிச்சக் காற்று ஆகியவற்றுடன் கட்டிய எடையையும் அணிந்த வெட்சூட்டையும் பதிவேட்டில் எழுதிவையுங்கள். அடுத்த ஊரில் எடை கேட்கப்படும்போது ஊகிக்க வேண்டியதில்லை.

30 மீட்டருக்கான அடுத்த பாடத்தில் உடனே சேரும்படி மையங்கள் அழைக்கும். விதிப்படி அது முடியும். இடையே 18 மீட்டருக்குள் பல டைவ்களைச் செய்து, மிதப்பு வசப்பட்ட பிறகு சேர்வதே சரி என்பேன். மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரலில் மூழ்கிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸைப் பார்க்கும் ஆசை பலருக்கும் வரும். அது 50 மீட்டருக்கும் மேலான ஆழத்தில் கிடக்கிறது. அதற்கு இந்த இரண்டு அட்டைகளும் போதா, தொழில்நுட்ப டைவிங்கில் தனிப் பயிற்சி வேண்டும்.

கருவிகளில் முதலில் சொந்தமாக வாங்க வேண்டியது மாஸ்க். வார் இல்லாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுங்கள். கையை எடுத்த பிறகும் ஒட்டிக்கொண்டிருந்தால் பொருந்துகிறது. மீசை உள்ளவர்களுக்கு மேலுதட்டின் விளிம்பில் சற்றுக் கசியும். புதிய மாஸ்க்கின் கண்ணாடியில் தொழிற்சாலையிலிருந்து வந்த மெல்லிய படலம் இருக்கும். வெள்ளைப் பற்பசையை உட்புறம் தடவி விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டால், முதல் டைவிலேயே பனிமூட்டம் போல் மறைக்காது.